ஒத்திகைப் பிள்ளை

வெள்ளம் வந்தால் பெண்களும் நனைவார்கள் என்பது அரசின் மேலான கவனத்துக்கு மூன்றாவது வெள்ளத்தின்போதுதான் வந்தது.

முதல் வெள்ளத்தில் எல்லோருக்கும் அரிசியும் போர்வையும் கொடுத்தார்கள். இரண்டாவது வெள்ளத்தில் நிவாரணப் பையைச் சற்றே விரிவாக்கி, வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சோப்பு, ஒரு சீப்பு, முகம் மழிக்க ஒரு ரேஸர் என்று வழங்கினார்கள். ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்பதால் பெண்களுக்கும் ரேஸர் கிடைத்தது. பள்ளிக்கூட முகாமில் ஒரு பெண்ணுக்கு வகுப்பறையிலேயே பிரசவம் ஆனபோது அந்த ரேஸரை வைத்துத்தான் தொப்புள்கொடியை அறுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

இந்தச் செய்தி தலைநகரம் வரை போயிற்று. அங்கே அதை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். நிவாரணப் பை பயனுள்ளதாக இருந்திருக்கிறது என்பது ஒன்று. பெண்களுக்கென்று தனியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மற்றொன்று.

ஆகவே மூன்றாவது வெள்ளத்தில், தண்ணீர் வடிவதற்கு முன்பே, அதே பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் ‘பேரிடர்க் கால மகளிர் நலன், கண்ணியம் மற்றும் பாதுகாப்பு மாதிரி மையம்’ வந்து இறங்கியது. பார்ப்பதற்கு அது ஒரு கூடாரம். ஊதா நிறம். அந்த வருடம் பெண்கள் சம்பந்தப்பட்ட எதுவானாலும் ஊதாவாக இருக்க வேண்டும் என்பது உலகமெங்கும் நாகரிகமாகியிருந்தது. உள்ளே பிரசவக் கட்டில், சூரிய விளக்கு, கை கழுவும் தொட்டி, மருந்து வைக்கும் சின்னக் குளிர்பெட்டி எல்லாமே ஊதா. அலமாரியில் மாதவிடாய்க்கான நாப்கின்கள், பிரசவத்துக்குத் தேவையானவை அடங்கிய பைகள், டார்ச் விளக்குகள். ஒரு கண்ணாடித் தட்டில், கழிப்பறைக் கதவுகளுக்கான தாழ்ப்பாள்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன.

குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரோ நிஜமாகவே யோசித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த யாரோவுக்குப் பிறகு அது அரசின் கைக்கு வந்தது.

முகாமின் சிறப்பு அலுவலராக வந்தவர் அருங்காட்சியகத் துறைக்காரர். வெள்ளத்தில் அருங்காட்சியகம் மூடிக் கிடந்ததால் அவர் ஒருவர்தான் சும்மா இருந்தார். நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். பழைய பானைகளையும் உடைந்த சிலைகளையும் ஆயுள் முழுக்கக் காப்பாற்றியவர். ஒரு பொருள் தன் பொறுப்பில் வந்தால், வந்த நிலையிலேயே அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய கொள்கை.

வந்த அன்றே கூடாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். ‘தொடாதீர்கள்’ என்று பலகைகள் வைத்தார். மாலை வேளையில் பெண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று அனுமதியும் கொடுத்தார். முகாமில் அவருக்குத் ‘தொடாதீங்க சார்’ என்று பெயர் விழுந்தது.

அந்த வரிசையில் ஒரு நாள் தையல்காரி வந்தாள். நிறைமாதம். வெள்ளம் வந்தபோது அவள் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது துணிமூட்டையை அல்ல, தையல் மிஷினின் தலையை. புருஷன் லாரியோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். துணைக்கு நாத்தனார் மட்டும். வீட்டில் இருந்தவரை அடுப்படிக்கும் அம்மிக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும், முகாமுக்கு வந்த பிறகு ஒருவரை ஒருவர் விட்டு நகர்வதில்லை. காரணம் கழிப்பறை. அதற்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போன ஒரு பெண்ணின் கதவை யாரோ ஒருவன் இழுத்துவிட்டு ஓடியிருந்தான். அது பற்றி முறையிட்டதும் அலுவலகம் உடனடி நடவடிக்கை எடுத்தது. ‘பெண்கள் இருட்டிய பிறகு வெளியே வருவதைத் தவிர்க்கவும்’ என்று பலகை வைத்தது.

தையல்காரி கண்ணாடித் தட்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

“சார், இந்தத் தாழ்ப்பாளை எடுத்து எங்க கக்கூஸ் கதவுல மாட்டக் கூடாதா?”

“மாட்டலாம்மா. ஆனா மாட்டிட்டா அப்புறம் அது மாதிரித் தாழ்ப்பாள் இல்ல. வெறும் தாழ்ப்பாள் ஆயிடும்.”

“எங்களுக்கு வெறும் தாழ்ப்பாள் போதும் சார்.”

“உங்களுக்குப் போதும். குழு வந்து பார்த்தா என்ன சொல்வாங்க? தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்துல தாழ்ப்பாள் இல்லேன்னு சொல்வாங்க.”

“இப்ப கக்கூஸ்லயும் அதுதானே சார் நிலைமை?” என்றாள் நாத்தனார்.

அலுவலர் அதை மறுக்கவில்லை. “ஆனா குழு அங்கெல்லாம் போக மாட்டாங்கம்மா” என்றார்.

முகாமில் ஒரு நர்ஸம்மா இருந்தாள். வகுப்பறையில் பிரசவம் பார்த்தவள் அவள்தான். டிராக்டரில் கூடவே போய்த் திரும்பி வந்தவளும் அவள்தான். கூடாரத்துக்குள் குளிர்பெட்டி இருப்பதும், அதில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி மருந்து இருப்பதும் தெரிந்த நாள் முதல் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அலுவலரை விடாமல் துரத்தினாள்.

“சார், அந்த ஊசியை என்கிட்ட குடுத்து வைங்க. நாலு பொண்ணுங்க இப்பவோ அப்பவோன்னு இருக்காங்க.”

“சிஸ்டர், ஒண்ணு எடுத்தாக்கூடப் பெட்டியில காலி இடம் பளிச்சுன்னு தெரியும்.”

“எடுக்கலேன்னா ஒரு வீட்டுல காலி இடம் பளிச்சுன்னு தெரியும் சார்.”

அலுவலருக்கு உறுத்தத்தான் செய்தது. நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். உடனே மண்டல இயக்குநருக்குப் போன் போட்டார்.

“சார், மையத்தை உபயோகத்துக்குத் திறக்கலாமா?”

“தாராளமா. திறப்பு விழா முடிஞ்சதும் திறங்க.”

“திறப்பு விழா எப்ப சார்?”

“பார்வைக் குழு வந்து திருப்தின்னு சொன்னதும்.”

“குழு எப்ப வரும் சார்?”

“மையம் எப்படி இயங்குதுன்னு நீங்க அறிக்கை அனுப்பினதும்.”

அலுவலர் சற்று யோசித்தார். “திறக்காம எப்படி சார் இயங்கும்?”

“அதைத்தான் அறிக்கையில விளக்கமா எழுதச் சொல்றேன்” என்றார் இயக்குநர்.

அலுவலர் எழுதினார். மையம் முழுத் தயார்நிலையில் அமைதியாக இயங்கி வருகிறது என்று எழுதினார். ஒரு சிலையைப் பற்றி எழுதினாலும் அவர் அப்படித்தான் எழுதுவார். இயக்குநருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. குழு வருகிறது என்று தகவல் வந்தது. கூடவே ஒரு குண்டும் வந்தது. குழுவினர் மையத்தைச் ‘செயல்பாட்டில்’ பார்க்க விரும்புகிறார்களாம்.

“செயல்பாடுன்னா, யாராவது பிரசவிக்கணுமா சார்?” என்று அலுவலர் போனில் கேட்டார்.

“நிஜப் பிரசவமெல்லாம் வேண்டாம்யா. அது எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும்னு சொல்ல முடியாது. குழுவுக்கு அடுத்த முகாமுக்கு வேற போகணும். ஒரு ஒத்திகை வைங்க. செயல்முறை விளக்கம். கர்ப்பிணியா நம்ம ஆபீஸ் ஆளு யாரையாவது போடுங்க. கட்டுப்பாடா இருப்பாங்க.”

அலுவலகத்தில் இருந்த ஒரே பெண் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகாதவள். தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும், வயிற்றில் தலையணை கட்டிக்கொள்வது தன் பணி விதிகளில் இல்லை என்றாள். ‘இதர பணிகள்’ என்ற தலைப்பில் இருக்கிறது என்று அலுவலர் எடுத்துக் காட்டினார். அந்தத் தலைப்பில் உலகத்தில் உள்ள எல்லாமே இருக்கிறது.

வெறும் தலையணை சதுரமாகத் துருத்தியது. வயிறு மாதிரி தைத்துத் தர ஆள் வேண்டியிருந்தது. முகாமில் மிஷின் வைத்திருந்தவள் ஒருத்திதான். இப்படியாக, நிறைமாதக் கர்ப்பிணியைக் கூப்பிட்டு, பொய் வயிறு ஒன்று தைக்கச் சொன்னார்கள். அளவுக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

தைத்து முடித்ததை அலுவலர் தள்ளி நின்று பார்த்தார். ஒரு பக்கம் டைப்பிஸ்ட், ஒரு பக்கம் தையல்காரி. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களை அப்படியே பார்த்துத் தைச்சதால ஒரு குறை வந்திருக்கும்மா. உங்க வயிறு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு. பார்வைக்கு எடுப்பா இல்ல. இதைக் கொஞ்சம் மேலே தூக்கித் தைங்க.”

வாசலில் நின்ற நர்ஸம்மா நிமிர்ந்தாள். “யாரு வயிறு கீழே இறங்கியிருக்கு?”

வந்து தையல்காரியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. “நேத்திக்கு இப்படி இல்லையே. இடுப்பு வலிக்குதா?”

“ரெண்டு நாளா மிஷின்ல குனிஞ்சு உட்கார்ந்ததுல வலிக்குது நர்ஸம்மா.”

“அது மிஷின் வலி இல்லம்மா” என்றாள் நர்ஸம்மா.

மறுநாள் காலை குழு வந்து இறங்கியது. எல்லோரும் ஒரே மாதிரி சட்டைக்கு மேல், நிறையப் பைகள் வைத்த கையில்லாத கோட்டு ஒன்று போட்டிருந்தார்கள். பேரிடர் நடக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் உடுத்த வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். பைகளில் எதுவும் இருக்கவில்லை. குழுத் தலைவி எல்லோரையும் கட்டிக்கொண்டாள். சேற்றைக்கூட மரியாதையாக மிதித்தாள். “இந்தப் பெண்களோட மீள்திறன் என்னைப் பிரமிக்க வைக்குது” என்றாள். அவள் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தாள், இன்னும் ஒரு பெண்ணையும் பார்த்திருக்கவில்லை.

தலைவி தலைமையாசிரியர் அறையில் இளநீலக் கோப்பைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், பின்கட்டு வகுப்பறையில் தையல்காரிக்குப் பனிக்குடம் உடைந்தது.

நர்ஸம்மா கூடாரத்துக்கு ஓடினாள். கயிற்றுக்கு உள்ளே அலுவலர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கட்டிலில் டைப்பிஸ்ட் படுத்துக்கொண்டு, ‘அம்மா’ என்று மிதமான குரலில் முனகிப் பழகிக்கொண்டிருந்தாள்.

“சார், கட்டிலைக் குடுங்க. நிஜமாவே ஒருத்திக்கு ஆரம்பிச்சிடுச்சு.”

“சிஸ்டர், இப்பவா? குழு தேநீர் குடிச்சு முடிக்கப் போறாங்க. ஒத்திகை முடிஞ்சதும் ஏதாவது பார்ப்போம்.”

“அவளுக்கு ஒத்திகை தெரியாது சார். நேரா நாடகம்தான்.”

“நிஜப் பிரசவத்துக்கு இங்க அனுமதி இல்லைங்கறது உங்களுக்கே தெரியும். ஒத்திகைக்கு மட்டும்தான் அனுமதி.”

அதற்குள் நாத்தனார், தையல்காரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள். அலுவலரின் கடைசி வாக்கியம் அவள் காதில் விழுந்தது. டைப்பிஸ்டை ஒரு பார்வை பார்த்தாள்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க டைப்பிஸ்ட் பொண்ணு முனகறது பல்வலி மாதிரி இருக்கு. குழுக்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க. எங்க அண்ணி நல்லா நடிப்பா.”

அலுவலர் தையல்காரியைப் பார்த்தார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம். அவருடைய கண்ணில் ஒரு ரசிகனின் வெளிச்சம் வந்து போனது.

“இவங்களுக்கு முன் அனுபவம் இருக்கா?”

“இது ரெண்டாவது சார். முதல்ல ஒரு பையன், பாட்டி வீட்டுல இருக்கான்.”

“அப்ப நல்லது. ஆனா ஒத்திகைதான். ஞாபகம் வச்சுக்குங்க.”

டைப்பிஸ்ட் அதற்குள் கட்டிலிலிருந்து குதித்து, பொய் வயிற்றைக் கழற்றி அலுவலர் கையில் கொடுத்துவிட்டாள். “நான் விளக்கு பிடிக்கறேன் அக்கா” என்று நர்ஸம்மாவிடம் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

குழு உள்ளே வந்தபோது பிரசவம் நடுவில் இருந்தது. தையல்காரி போட்ட சத்தத்தில் பின்வரிசைக்காரர் ஒருவர் கயிற்றுக்கு வெளியே போய்விட்டார். தலைவி மட்டும் அசையவில்லை.

“என்ன ஒரு ஈடுபாடு” என்றாள் மெதுவாக.

“வெளியே போங்க எல்லாரும்” என்றாள் நர்ஸம்மா திரும்பாமலே.

தலைவி குழுவினரைப் பார்த்துத் தலையாட்டினாள். “பார்த்தீங்களா? தனியுரிமைப் பாதுகாப்பையும் நடிச்சுக் காட்டறாங்க. இது நம்ம கையேட்டுலயே இல்ல.” என்றாலும் யாரும் வெளியே போகவில்லை, ஒத்திகைதானே என்று.

பிள்ளை வந்தது. பெண். அழுதது. குழு கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் நர்ஸம்மாவின் கை நின்றது. ரத்தம் கட்டிலின் ஊதா விரிப்பை நனைத்து, ஓரத்தில் சொட்ட ஆரம்பித்திருந்தது. போன வெள்ளத்தில் அவள் பார்த்த அதே ரத்தம்.

“ஊசி” என்றாள்.

டைப்பிஸ்ட் குளிர்பெட்டியின் முத்திரையைப் பல்லால் கிழித்தாள். “அது காட்சிக்கு வச்சது” என்று அலுவலர் முனகினார். பொய் வயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி ஏறியது. நர்ஸம்மா வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாத்தனார் அண்ணியின் கன்னத்தைத் தட்டித் தட்டி, “கண்ணைத் திற. அம்மியை உனக்கே விட்டுக்கொடுத்துடறேன், திற” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரத்தம் மெல்லக் குறைந்தது. பிறகு நின்றது. தையல்காரி கண்ணைத் திறந்து, “சாட்சி இருக்கு, பேச்சு மாறக் கூடாது” என்றாள்.

குழுவினர் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டார்கள். மொத்தத்தில் மிகச் சிறப்பு. சில சிறு குறைகள்தான். சத்தம் கொஞ்சம் மிகை. அசலில் இவ்வளவு ரத்தம் வராது. வெளியே போய்விட்டு வந்தவர் மட்டும், “குழந்தைய எங்கேருந்து ஏற்பாடு பண்ணினீங்க? ரொம்பத் தத்ரூபம்” என்று விசாரித்தார். இதுபோன்ற ஒத்திகைகளை அடிக்கடி நடத்தி, மையத்தைத் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று தலைவி பரிந்துரைத்துவிட்டுப் போனாள்.

நாத்தனார் பிறப்பைப் பதிவு செய்யப் போனாள். பதிவாளர் மேஜையில் குழுவின் அறிக்கை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

“அன்னிக்கு அந்த இடத்துல நடந்தது ஒத்திகைன்னு இருக்கேம்மா.”

“பிள்ளை இதோ இருக்கு சார். தூக்கிப் பாருங்க.”

பதிவாளர் தூக்கிப் பார்த்தார். கொஞ்சினார்கூட. “அழகான பிள்ளை. ஆனா ஒத்திகையில பிறந்த பிள்ளைக்கு நான் சான்று குடுத்தேன்னு வைங்க, நாளைக்கு தீயணைப்பு ஒத்திகையில எரிஞ்ச வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டு வருவாங்க. அரசாங்கம் தாங்காது.”

“அப்ப எங்க அண்ணி இன்னும் பிரசவிக்கலையா?”

“பதிவின்படி இன்னும் இல்ல.”

அதனால் தையல்காரிக்குக் கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கான பால் பவுடர் வரவில்லை. அவளுக்கு மாதம் கடந்துபோனதைப் பற்றி மண்டல அலுவலகம் கவலை தெரிவித்து விளக்கம் கேட்டது. அலுவலருக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தார். அருங்காட்சியகப் பழக்கப்படி பிள்ளைக்கு ஒரு வரவு எண் கொடுத்து, ‘மாதிரிக் குழந்தை, பெண், சேதமில்லை’ என்று முத்திரை குத்தி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை உலகத்தில் இருக்கிறது என்பதற்கு அரசு தந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

ஆனால் நர்ஸம்மா வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். நிஜப் பிரசவத்துக்குத்தான் அனுமதியில்லை. ஒத்திகையை அடிக்கடி நடத்தச் சொல்லிக் குழுவே எழுதியிருக்கிறது.

அடுத்தவளுக்கு வலி கண்டதும் அலுவலர் முன்னால் போய் நின்றாள். “சார், இன்னிக்கு ஒரு ஒத்திகை வச்சுக்கலாமா?”

அலுவலர் அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். “நேத்திக்கு நானே சொல்லணும்னு இருந்தேன் சிஸ்டர்” என்றார். கயிற்றை அவிழ்த்தது அவரேதான்.

அதற்குப் பிறகு முகாமில் ஒத்திகை நடக்காத நாள் இல்லை. பிரசவ ஒத்திகை நடந்தது. மாதவிடாய் ஒத்திகை நடந்தது. மாதா மாதம் பெண்கள் வந்து ஒத்திகைக்கு நாப்கின் வாங்கிக்கொண்டு போனார்கள். இடைவெளி விட வேண்டும் என்றிருந்த பெண்கள் கருத்தடை ஒத்திகை செய்தார்கள். அதில் ஆண்களுக்கும் வேஷம் இருந்தது. தாழ்ப்பாள்களைக் கழிப்பறைக் கதவுகளில் மாட்டித் தாழ்ப்பாள் ஒத்திகை தொடங்கினார்கள். ஒத்திகையை எப்போது முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் தாழ்ப்பாள்கள் கதவிலேயே இருந்தன. ஒரு நாள் எவனோ வந்து கதவை இழுத்தான். கதவு வரவில்லை. நாத்தனார்தான் வந்தாள். அவனுக்கு அன்று கிடைத்தது மட்டும் ஒத்திகை இல்லை.

அந்த முகாமில் ஒரு தாயும் சாகவில்லை. மைதானத்தில் தவழ்ந்தவை எல்லாம் ஒத்திகைப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் அலுவலர் வரவு எண் கொடுத்தார். அவர் ஆயுளில் இவ்வளவு புதிய பொருள்களைச் சேர்த்ததே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஆண்டு முடிவில் தலைநகரத்தில் கணக்குப் பார்த்தார்கள். மாதிரி மையத்தில் நடந்த நிஜப் பிரசவம்: இல்லை. நிஜ ரத்தப்போக்கு: இல்லை. நாப்கின் நிஜமாகத் தேவைப்பட்டவர்: யாருமில்லை. அந்தப் பகுதிப் பெண்களுக்கு இந்தச் சேவை அவசியப்படவில்லை என்பது தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. வேறு ஒன்றும் அதே அளவு தெளிவாகத் தெரிந்தது. நாட்டிலேயே மிக அதிகமான மேடை நிகழ்வுகளை நடத்திய அரசு அமைப்பு இதுதான்.

சுகாதாரத் துறை மையத்தை மூடியது. கலை பண்பாட்டுத் துறை அதை எடுத்துக்கொண்டது.

கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டு போன டிரைவர் தையல்காரியின் புருஷன்தான். வாடகைக்குக் கூப்பிட்டார்கள், வந்தான். அந்தக் கூடாரமே மேடையாக, ‘பேரிடரில் ஒரு பிரசவம்’ என்ற பெயரில் நாடகம் ஒன்று தயாரானது. தாய் வேஷத்துக்குப் பிரபலமான ஒரு நடிகை. நர்ஸம்மா வேஷத்துக்கு அதைவிடப் பிரபலமான ஒருத்தி. அருங்காட்சியக அலுவலரை ஆலோசகராகக் கேட்டார்கள். அவர் பானைகளிடமே திரும்பிப் போய்விட்டார்.

நாலாவது வெள்ளம் வந்தது. அதே பள்ளிக்கூடம். அதே பின்கட்டு வகுப்பறை. இடையில் கல்யாணமாகி, இப்போது நாத்தனாருக்கு நிறைமாதம். தையல்காரி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா கலை பண்பாட்டுத் துறைக்குப் போன் போட்டாள்.

“சார், கூடாரம் வேணும். இல்ல, அந்தக் குளிர்பெட்டியை மட்டுமாவது அனுப்புங்க.”

“நிஜப் பிரசவமாம்மா? அது எங்க துறை இல்லையே.”

நர்ஸம்மாவுக்குப் பதில் தயாராக இருந்தது. “நிஜம் இல்ல சார். ஒத்திகை.”

மறுமுனையில் இருந்தவர் சிரித்தார். “ஒத்திகையெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. இப்ப தினமும் அரங்கேற்றம்தான்.”

பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. நர்ஸம்மா தன் முஷ்டியை வைத்து உள்ளேயும், மறு கையால் வயிற்றின் மேலேயும் அழுத்திப் பிடித்தாள். அப்படியே படகில் ஏற்றினார்கள். மழையில், சுழலில், படகு கரை சேர்ந்து ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. நாத்தனார் பிழைத்தாள். நர்ஸம்மாவின் விரல்கள் நெடுநேரம் விரிய மறுத்தன.

அன்று மாலை நாமெல்லாம் நாடகத்துக்குப் போயிருந்தோம். அரங்கம் நிறைந்திருந்தது. ரத்தம் சொட்டும் கட்டத்தில் நமக்குத் துக்கம் தாங்கவில்லை, எழுந்து நின்று கைதட்டினோம். வெளியே வரும்போது எல்லோரும் ஒரே ஒரு குறைதான் சொன்னார்கள். மற்றதெல்லாம் பரவாயில்லை, குழந்தை மட்டும் பொம்மை என்று தெரிந்துவிட்டது.